'பாஸ் அவுட்': கல்வி நிறைவைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லின் இந்திய வரலாறு

1. முன்னுரை

செகந்திராபாத்தில் 'கண்டோன்மென்ட்' எனப்படும் படைப்பாளையத்தைச் சேர்ந்த போவன்பள்ளியைக் கடந்து வடமேற்கே செல்வோர் துண்டிகல்லில் உள்ள இந்திய வான்படைக் கழகத்தை அடைவர். அக்கழகத்திற்கு 1967இல் அப்போதைய குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் அடிக்கல் நாட்டினார். 1971இல் அங்குப் பயிற்சி தொடங்கியது. பயிற்சி முடித்த இளைஞர்கள் அதிகாரிகளாகப் பொறுப்பேற்கும் அணிவகுப்பு அங்கு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. இந்தியாவின் முதல் பெண் போர் விமானிகளான அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகியோர் 2016 ஜூன் 18 அன்று அங்குதான் பொறுப்பேற்றனர். அந்நிகழ்ச்சியின் அதிகாரபூர்வப் பெயர் 'கம்பைண்டு கிராஜுவேஷன் பரேட்' என்பதாகும். இதே தன்மையுடைய நிகழ்ச்சி தேராதூனிலும் சென்னைப் பரங்கிமலையிலும் 'பாஸிங் அவுட் பரேட்' என்று வழங்குகிறது. ஒரே நாட்டின் படைக்கழகங்களில் ஒரே செயலுக்கு இரண்டு ஆங்கிலப் பெயர்கள் நிலவுகின்றன.

படைவளாகங்களுக்கு வெளியே, ஐதராபாத்திலும் சென்னையிலும் பொறியியல் படித்த இளைஞர்கள் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும்போது 'நான் 2015 பாஸ் அவுட்' என்பர். பணியாளர் தேர்வு விளம்பரங்களிலும் இச்சொல் இடம்பெறுகிறது. ஆனால் இந்தியாவிற்கு வெளியே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் இத்தொடரைச் சொன்னால், 2015இல் மயங்கி விழுந்ததாகவே அவர் முதலில் பொருள்கொள்வார். இச்சொல் பிழையா, வட்டார வழக்கா, வரலாற்று எச்சமா என்பதையும், இதனைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. 'கிராஜுவேட்': படியில் ஏறுதல்

'கிராஜுவேட்' என்னும் சொல் 'படி', 'அடிவைப்பு' எனப் பொருள்படும் 'கிராதுஸ்' என்னும் இலத்தீன் பெயரிலிருந்து பிறந்தது. 'டிகிரி' என்னும் சொல்லும் பிரெஞ்சு வழியாக அதே மூலத்தைச் சேர்ந்ததே. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகம் கற்றவர்களைப் படிநிலைகளில் அமர்த்தியது. ஒருவரைப் படியில் ஏற்றும் உரிமை பல்கலைக்கழகத்திற்கே இருந்தது. ஆகவே 'கிராஜுவேட்' முதலில் செயப்படுபொருள் குன்றாவினையாக வழங்கியது; பல்கலைக்கழகம் எழுவாய், மாணவர் செயப்படுபொருள். 'அவர் பல்கலைக்கழகத்தால் பட்டதாரியாக்கப்பட்டார்' என்னும் பொருளுடைய செயப்பாட்டுத் தொடரே பழைய ஆங்கில நடையில் செவ்விய வழக்காகக் கருதப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாணவரே எழுவாயாக அமையும் குன்றியவினை வழக்குப் பரவியது. இருபதாம் நூற்றாண்டில், கல்லூரியைச் செயப்படுபொருளாக்கி, இடையில் வரவேண்டிய முன்னிடைச்சொல்லை நீக்கும் வழக்கு அமெரிக்காவில் தோன்றியது. இதனைப் பிழை எனக் கண்டிப்போர் இன்றும் உளர்.

இம்மூன்று அமைப்புகளையும் ஒப்பிட்டால், அதிகாரம் நிறுவனத்தின் கையிலிருந்து மாணவரின் கைக்கு மாறியதை வினையின் வாய்பாடே காட்டுவது புலனாகும். பொருட்பரப்பிலும் நாட்டு வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளியை முடித்தவரும் 'கிராஜுவேட்' ஆவார். பிரித்தானிய மரபிலும் அதனைப் பின்பற்றிய இந்தியாவிலும் இச்சொல் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவருக்கே உரியது. பள்ளியை முடித்தவருக்கு இந்திய ஆங்கிலத்தில் வேறொரு சொல் தேவைப்பட்டதற்கு இது ஒரு காரணம்.

3. 'பாஸ் அவுட்': வாயிலைக் கடத்தல்

'பாஸ்' என்பதற்குக் கடத்தல் என்பதே முதற்பொருள். தேர்வில் வெற்றி பெறுதல் என்பது அதன் வழியே பிறந்த பொருள். 'அவுட்' சேரும்போது இவ்விரு பொருள்களும் ஒருங்கிணைகின்றன. தேர்வைக் கடந்தவர் வாயிலையும் கடக்கிறார். வுல்விச், சேண்டர்ஸ்ட் ஆகிய பிரித்தானியப் படைக்கல்லூரிகளைச் சார்ந்து இவ்வழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைபெற்றது. அங்கு நுழைவுத் தேர்வில் வென்று உள்ளே செல்வது 'பாஸ் இன்' அல்லது 'பாஸ் இன்டு'. இறுதித் தேர்வில் வென்று வெளியே வருவது 'பாஸ் அவுட்'. உள், வெளி என்னும் இவ்விணை இன்று மறைந்து, பின்னது மட்டும் எஞ்சியுள்ளது. துணை மறைந்ததால் எஞ்சிய சொல்லின் காரணமும் மறைந்தது; அதுவே இன்று அதனைப் பிழை போலத் தோன்றச் செய்கிறது.

படைவழக்கில் இச்சொல்லின் இடப்பொருள் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. 1932இல் தொடங்கப்பெற்ற தேராதூன் இந்திய இராணுவக் கழகத்திலிருந்து முதல் அணியினர் 1934 டிசம்பரில் வெளிவந்தனர். பின்னாளில் பீல்டு மார்ஷலாகி, நீலகிரி வெலிங்டனில் 2008இல் மறைந்த சாம் மானெக்சா அவ்வணியைச் சேர்ந்தவர். அங்கு அணிவகுப்பின் முடிவில் இளைஞர்கள் மெல்லடி நடையில் படிகளில் ஏறிச் சேட்வுட் மண்டபத்தைக் கடப்பர். இதற்கு 'அந்திம் பக்', அதாவது 'இறுதி அடி', என்னும் இந்திப் பெயர் வழங்குகிறது. 'கிராஜுவேட்' என்பதில் உறைந்துள்ள படியும் 'பாஸ் அவுட்' என்பதில் உறைந்துள்ள வெளியேற்றமும் இந்த ஓர் அடியில் ஒன்றுகூடுதல் நோக்கத்தக்கது.

மயங்கி விழுதல் என்னும் பொருள் இதிலிருந்து பிறந்ததன்று. அங்குக் கடப்பது வாயில் அன்று, உணர்வின் எல்லை. பகிர்ந்து கொடுத்தல் என்னும் அமெரிக்க வழக்கு வேறொரு கிளை. பிரித்தானிய ஆங்கிலத்தில் படை, காவல், தீயணைப்புப் பயிற்சிகளின் நிறைவைக் குறிக்க 'பாஸ் அவுட்' இன்றும் வழங்குகிறது. எனவே இந்திய வழக்கு புதுப்படைப்பு அன்று. பாசறைக்கு உரிய சொல் கல்லூரிக்கும் பள்ளிக்கும் விரிந்த பொருள்விரிவே ஆகும்.

4. பாசறையிலிருந்து கல்லூரிக்கு

இவ்விரிவு இந்தியாவில் நிகழ்ந்ததற்குரிய சூழலைச் செகந்திராபாத்தின் வரலாறு காட்டுகிறது. 1798இல் நிஜாம் ஆங்கிலேயக் கும்பினியுடன் துணைப்படை உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி நிறுத்தப்பட்ட படையின் பாளையம் 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் எனப்பட்டது. அப்படை சென்னைப் படையைச் சேர்ந்ததாதலின், வீரர்களோடும் வணிகர்களோடும் தமிழும் அங்குக் குடியேறியது. 1862இல் சோமசுந்தரம் முதலியார் அங்கு நிறுவிய பள்ளியே பின்னர் மகபூப் கல்லூரி ஆயிற்று. சிகாகோவிற்குச் செல்லுமுன் 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் உரையாற்றிய இடம் அதுவே. பாளையமும் பள்ளியும் இவ்வாறு அண்டை வீடுகளாயிருந்த நகரங்கள் இந்தியாவில் பல. ஒன்றன் சொல் மற்றொன்றில் புழங்குவதற்கு அங்குத் தடை இருந்திருக்க இயலாது.

தொழிற்கல்வி இவ்வுறவை மேலும் நெருக்கமாக்கியது. சென்னையில் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியே கிண்டிப் பொறியியல் கல்லூரியின் தோற்றுவாய். 1847இல் ரூர்க்கியில் பொறியியல் கல்லூரி எழுந்தது. இவற்றில் படைத்துறையினரும் குடித்துறையினரும் பயின்றனர். இளம் ஆட்சிப் பணியாளர்களுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்க எல்லிஸ் முயற்சியால் 1812இல் அமைந்த சென்னைக் கோட்டைக் கல்லூரியிலும் நிலை இதுவே: தேர்வில் வென்றவர் கல்லூரியை விட்டு நேரே பணியிடத்திற்குச் சென்றார். தேர்ச்சி, வெளியேற்றம், பணியமர்வு ஆகிய மூன்றும் ஒரே நிகழ்ச்சியாக இருந்த நிறுவனங்களுக்கு 'பாஸ் அவுட்' என்பது பொருந்திய சொல்லாகும்.

எனினும் கலைக்கல்லூரிகளிலும் இச்சொல் வேரூன்றியதற்குப் பாசறையின் செல்வாக்கு மட்டும் காரணமாகாது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய இடங்களில் தோன்றிய பல்கலைக்கழகங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே இயங்கின. கற்பித்தல் கல்லூரிகளின் பணியாயிற்று. ஆகவே ஒரு மாணவருக்கு இரண்டு நிறுவனங்களோடு இரண்டு வேறு உறவுகள் ஏற்பட்டன. பட்டத்தால் அவர் பல்கலைக்கழகத்தின் 'கிராஜுவேட்'. தாம் படித்த கல்லூரியோடு அவருக்குள்ள உறவைச் சொல்ல அச்சொல் முற்றிலும் பொருந்தவில்லை, ஏனெனில் கல்லூரி பட்டம் வழங்குவதில்லை. அவ்விடத்தை நிரப்பியதே 'பாஸ் அவுட்' எனக் கருத இடமுண்டு. 1978இல் தமிழகத்தில் தன்னாட்சிக் கல்லூரிகள் தோன்றிய பின்னரும் பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயராலேயே வழங்கப்படுகிறது.

இப்பிளவிற்குச் சான்று தமிழறிஞர் வரலாற்றிலேயே உள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் ஆவர். தாமோதரம்பிள்ளை பயின்றது வட்டுக்கோட்டைச் செமினரியில். அது 1855இல் மூடப்பட்டது. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகமோ 1857இல்தான் பிறந்தது. படிப்பை முடித்து வெளியேறிய நிறுவனம் ஒன்று. படியேற்றிய நிறுவனம் வேறொன்று. முன்னது மறைந்த பின்னரே பின்னது தோன்றியது. பிற்காலத்தில் தொல்காப்பியமும் கலித்தொகையும் பதிப்பித்த அப்பெருமகனாரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவோர் 'பாஸ் அவுட்', 'கிராஜுவேட்' ஆகிய இரண்டையும் ஒன்றாகக் கொள்வாராயின், இரண்டு நாடுகளையும் இரண்டு காலங்களையும் ஒன்றாக்கிவிடுவர்.

5. இந்திய மொழிகளின் உருவகங்கள்

கல்வி நிறைவை இந்திய மொழிகள் வெவ்வேறு உருவகங்களால் உணர்த்துகின்றன. இந்தியில் பட்டதாரி 'ஸ்நாதக்'. குருகுல வாசம் முடிந்து சடங்கு நீராடியவர் என்பது பொருள். வீடு திரும்புதல் என்னும் பொருளுடைய 'சமாவர்த்தனம்' அந்நீராட்டோடு இணைந்த சடங்கு. தெலுங்கில் பட்டமளிப்பு விழாவிற்கு 'ஸ்நாதகோத்சவம்' என்று பெயர்; பட்டதாரியோ 'பட்டபத்ருடு'. கன்னடத்தில் பட்டதாரி 'பதவீதர', விழா 'கடிகோத்சவ'. பின்னது 'கடிகை' என்னும் பழைய கல்விநிலையத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. கதம்ப மரபின் மயூரசர்மன் காஞ்சிக் கடிகைக்குக் கற்க வந்ததைத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுவதால், கன்னடரின் இன்றைய விழாப்பெயரில் காஞ்சிபுரத்தின் நினைவும் ஒலிக்கிறது எனலாம். மலையாளத்தில் பட்டதாரி 'பிருததாரி'.

ஐதராபாத்தின் மற்றொரு மொழியாகிய உருதுவில் 'பாரிகுத் தஹ்சீல்' என்னும் தொடர் உண்டு. கற்றலிலிருந்து ஓய்வு பெற்றவர், விடுபட்டவர் என்பது அதன் சொற்பொருள். 1917இல் அமைந்த மொழிபெயர்ப்பு நிலையத்தின் துணையோடு, 1918இல் தோன்றிய உஸ்மானியாப் பல்கலைக்கழகம் உயர்கல்வியை உருதுவில் கற்பித்தது. உருவகத்தை நோக்கின், இவ்வுருதுத் தொடரே 'பாஸ் அவுட்' என்பதற்கு மிக நெருங்கியது. இரண்டும் விடுபடுதலை முன்னிறுத்துகின்றன. மதரசாக்களில் கல்வி முடித்தவருக்குத் தலைப்பாகை கட்டும் 'தஸ்தார்பந்தி' என்னும் சடங்கோ தமிழின் 'பட்டம் கட்டுதல்' என்பதோடு ஒப்பிடத்தக்கது.

தமிழில் 'பட்டம்' நெற்றியில் கட்டும் பொற்றகட்டையும் ஆட்சியுரிமையையும் அரசர் வழங்கும் சிறப்புப் பெயரையும் குறித்தது. ஏனாதி, காவிதி, எட்டி என்பன அத்தகைய பட்டங்கள். பல்கலைக்கழகம் வந்தபோது அரசனின் இடத்தை அது பெற்றது. பட்டம் அளிப்பவர், பெறுபவர் என்னும் உறவு மாறாததால் பழைய சொல் புதிய பொருளை எளிதில் ஏற்றது. ஆங்கிலத்தில் படி, தமிழில் நெற்றி, இந்தியில் நீர், உருதுவில் விடுதலை என உருவகம் மாறினும், 'கிராஜுவேட்' என்பதற்குப் 'பட்டதாரி' நிகராக நிற்பதற்குக் காரணம் இரண்டிலும் வழங்குபவர் ஒருவர் இருப்பதே. 'பாஸ் அவுட்' என்பதில் வழங்குபவர் எவருமிலர். கடப்பவர் மட்டுமே உளர். ஆகவே அதற்குப் 'பட்டம் பெறுதல்' முழு நிகராகாது.

தமிழில் 'படி' என்பது ஏறும் படியையும் கற்றல் வினையையும் குறிப்பதைக் கண்டு, அதனைக் 'கிராதுஸ்' என்பதோடு ஒப்பிட்டு மகிழ்வோர் உண்டு. கற்றல் வினையை வடமொழிப் 'பட்' என்னும் வேரோடு இணைப்போரும் திராவிட வேராகக் கொள்வோரும் உளர். எவ்வாறாயினும் இவ்வொப்புமை ஒலிவழி நேர்ந்ததே. சொற்பிறப்புச் சான்றாகக் கொள்ளத்தக்கதன்று.

6. தமிழ்ப் பேச்சில் 'பாஸ் அவுட்'

தமிழ்ப் பேச்சுவழக்கு 'பாஸ்' என்பதைப் 'பண்ணு', 'ஆகு' ஆகிய இரு துணைவினைகளோடும் சேர்க்கிறது. 'கணக்குல பாஸ் பண்ணிட்டான்' என்பதில் முயற்சியும் 'பாஸ் ஆயிட்டான்' என்பதில் விளைவும் முதன்மை பெறுகின்றன. 'பாஸ் அவுட்' பெரும்பாலும் 'ஆகு' என்பதையே ஏற்கிறது. தெலுங்கிலும் இந்தியிலும் நிலை இதுவே. 'பாஸ் பண்ணு' தேர்வைச் செயப்படுபொருளாகக் கொள்ளும். 'பாஸ் அவுட் ஆகு' நிறுவனத்தை நீங்கற்பொருளில் கொள்ளும். 'காலேஜ்லேர்ந்து பாஸ் அவுட் ஆனான்' என்பதில் 'இருந்து' என்னும் ஐந்தாம் வேற்றுமைச் சொல்லுருபு இயல்பாகப் பொருந்துகிறது. அவ்வகையில் இது செயலைக் காட்டிலும் நிலைமாற்றத்தைக் குறிக்கும் வினையாகும்.

இச்சொல் பெயராகவும் வழங்குகிறது. 'அவர் எந்த வருஷப் பாஸ் அவுட்?' என்னும் வினாவில் அது ஓர் அணியைச் சேர்ந்த ஆளைக் குறிக்கிறது. படிப்பை இடையில் விட்டவரைக் குறிக்கும் 'டிராப் அவுட்' என்பதோடு இணைந்து இது ஒரு முரண்பொருள் இணையாக அமைகிறது. ஆங்கிலத்தில் மறைந்த 'பாஸ் இன்' என்னும் துணைக்கு மாற்றாக இந்திய வழக்கு வேறொரு துணையைத் தேடிக்கொண்டது எனலாம்.

இலங்கைத் தமிழில் தேர்வில் வெற்றி பெறுதல் 'சித்தியடைதல்' எனப்படும். 'பயிற்சி முடித்து வெளியேறிய ஆசிரியர்கள்' போன்ற தொடர்களும் அங்கு இயல்பானவை. தமிழக எழுத்துவழக்கில் 'வெளியேறினார்' என்பது சினத்தையோ விலக்கத்தையோ நினைவூட்டுவதால், 'பயிற்சி நிறைவு அணிவகுப்பு' எனச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. சிங்கப்பூரில் அடிப்படைப் படைப்பயிற்சியின் நிறைவு அணிவகுப்பு அதிகாரபூர்வமாகக் 'கிராஜுவேஷன் பரேட்' என்று பெயர் பெற்ற பின்னரும், பேச்சில் அது 'பி.ஓ.பி.' என்றே வழங்குகிறது. பெயர்ப்பலகை மாறினும் பேச்சு உடனே மாறுவதில்லை.

7. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்

கல்வி நிறைவு என்பது உண்மையில் நான்கு நிகழ்ச்சிகளின் தொகுப்பு. பாடக்காலம் முடிதல் ஒன்று. தேர்வில் தேறுதல் இரண்டு. நிறுவனத்தை விட்டு நீங்குதல் மூன்று. பட்டம் வழங்கப்பெறுதல் நான்கு. பாசறையில் இவை ஒரே நாளில் ஒரே திடலில் நிகழலாம். கல்லூரியில் அவ்வாறன்று. ஏப்ரலில் பாடம் முடித்து, ஜூனில் முடிவறிந்து, மறு ஆண்டில் பட்டமளிப்பு விழாவிற்கு அழைக்கப்படுவோர் பலர். ஒரு தாள் நிலுவையாக நிற்பின் முதல் நிகழ்ச்சிக்கும் இரண்டாம் நிகழ்ச்சிக்கும் இடையே ஆண்டுகள் கழிவதும் உண்டு. இந்நான்கையும் 'பாஸ் அவுட்' என்னும் ஒரு சொல் மூடிவைக்கிறது.

அன்றாடப் பேச்சில் இம்மூடல் வசதியே. ஆவணத்தில் அது தீங்கு விளைவிக்கும். நிலுவைத் தாள் உடைய ஒருவர் தாம் அவ்வாண்டு 'பாஸ் அவுட்' ஆனதாக நேர்மையாகவே எழுதக்கூடும். அதனைப் 'பட்டம் பெற்றார்' என மொழிபெயர்த்தால் அவர் சொல்லாத பொய்யை மொழிபெயர்ப்பாளர் அவர் வாயில் இட்டவராவார். பட்டச்சான்றில் உள்ள ஆண்டோடு அது மாறுபடும்போது ஐயத்திற்கு ஆளாவது விண்ணப்பித்தவரே. அரசியலமைப்பின் 171ஆம் பிரிவு, சட்டமேலவையின் பன்னிரண்டில் ஒரு பங்கினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குறைந்தது மூன்று ஆண்டுகளாகப் பட்டதாரிகளாக உள்ளவர்களுக்கு அளிக்கிறது. தமிழகத்தில் மேலவை 1986இல் நீக்கப்பட்டது. தெலங்கானாவில் பட்டதாரிகள் தொகுதி இன்றும் உள்ளது. அங்கு மூன்றாண்டுகளை எந்நாளிலிருந்து எண்ணுவது என்னும் வினாவிற்குப் 'பாஸ் அவுட்' என்னும் சொல் விடை தராது. வாக்குரிமையே ஒரு வினைச்சொல்லின் பொருளைச் சார்ந்து நிற்கும் இடம் அது.

எனவே மொழிபெயர்ப்பாளர் சூழலை நோக்கி, 'படிப்பை முடித்தார்', 'தேறினார்', 'கல்லூரியை விட்டு நீங்கினார்', 'பட்டம் பெற்றார்' என்னும் நான்கனுள் ஏற்றதைத் தேர்தல் வேண்டும். சூழல் தெளிவாக இல்லாதவிடத்துப் 'படிப்பை முடித்தார்' என்பதே பாதுகாப்பானது. அது குறைவாகச் சொல்லுமே அன்றித் தவறாகச் சொல்லாது. தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குப் பெயர்க்கும்போது, படைத்துறை தவிர்ந்த இடங்களில், அயல்நாட்டு வாசகருக்காக எழுதுவோர் 'பாஸ் அவுட்' என்பதைத் தவிர்த்தல் நன்று. இந்திய வாசகருக்காக எழுதும் புனைகதை உரையாடலில் அதனைத் திருத்துவதோ பாத்திரத்தின் நாவைத் திருத்துவதாகும்.

8. முடிவுரை

'பாஸ் அவுட்' என்பது கல்லாதார் செய்த பிழை அன்று. பிரித்தானியப் பாசறையில் பிறந்து, உறுப்புக்கல்லூரி முறை உண்டாக்கிய சொல்வெற்றிடத்தில் தங்கி, இந்திய மொழிகளின் வினையமைப்போடு இயைந்து வளர்ந்த சொல் அது. அதனை இகழ்வதும் தகாது. ஆராயாது பெயர்ப்பதும் தகாது.

தமிழ் இவ்விடத்தில் வைத்துள்ள சொல் ஒன்றைச் சுட்டி இவ்வாய்வை நிறைவு செய்யலாம். தேர்வில் வெற்றி பெறுதலைக் குறிக்கும் 'தேறுதல்' என்னும் வினைக்குத் தெளிதல், நோய் நீங்கி வலிமை பெறுதல், மயக்கத்திலிருந்து மீளுதல் ஆகிய பொருள்களும் உண்டு. ஆங்கிலச் சொல் கல்வியை முடித்தவரையும் மயங்கி வீழ்ந்தவரையும் ஒரே தொடரால் குறிக்க, தமிழ்ச் சொல் கல்வியில் வென்றவரையும் மயக்கம் தெளிந்து எழுந்தவரையும் ஒரே வினையால் குறிக்கிறது. இரு சொற்களும் ஒரே தேர்வுக்கூடத்தின் வாயிலில் சந்தித்து எதிரெதிர்த் திசைகளில் செல்கின்றன. அகராதியின் முதற்பொருளை மட்டும் நம்பிப் பெயர்ப்பவர் அவ்வாயிலில் வழி தவறுவார்.